தலைகீழாகக் கழித்தவன் நான்

மேடையிலுள்ள பல்கலைக்கழகப் பெரியோர்களே, பிளான்டயர் மருத்துவமனைத் தோழர்களே, தாயை இழந்து நிற்கும் மகள் தமந்தானியே!

நம் மூளைப்பட ஆய்வகத்தின் புள்ளியியலாளர், மறைந்த எஸ்நாத் கலிண்டே அம்மையாரைப் பற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். புகழத்தான் வந்தேன். ஆனால் அதற்கு முன் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவரின் மூளை எந்நேரமும் ஏதோ ஒரு வேலையில் இருக்கும். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலையைக் கழித்தால்தான் நாம் தேடுவது தெரியும். அதற்காகக் கணினியில் ஒரு நிலைக்கு பிளஸ் ஒன்று, மற்ற நிலைக்கு மைனஸ் ஒன்று என்று எண் கொடுப்போம். அந்த இரண்டு எண்களையும் இடம் மாறாமல் போடுவது அம்மையாரின் வேலை. சின்ன வேலையா அது?

நான்கு ஆண்டுகளுக்கு முன், மூளை மலேரியாவிலிருந்து பிழைத்த பத்தொன்பது பிள்ளைகளுக்குத் தாயின் குரலையும் அந்நியர் குரலையும் கேட்கவைத்துப் படமெடுத்தோம். அம்மையார் விடுப்பில் இருந்தார். அவசரப்பட்டு நானே எண்களைப் போட்டேன். அந்நியர் குரலுக்கே மூளை அதிகம் வேலை செய்கிறது என்று வந்தது. புதுமை என்று துள்ளினேன்! கட்டுரை வெளியிட்டேன், தாய்மார்களைக் கூட்டியும் சொன்னேன்.

விடுப்பு முடிந்து வந்தவர் ஒரே காலையில் கண்டுபிடித்துவிட்டார்.

"டாக்டர், அட்டவணையில முதல் பத்தியில என்ன இருக்கு?"

"அம்மா குரல்தானே?"

"அந்நியர் குரல். தலைகீழாக் கழிச்சிருக்கீங்க. பிள்ளைங்க மூளை அம்மா குரலுக்குத்தான் அதிகமா வேலை செஞ்சிருக்கு."

கட்டுரை வந்த ஆய்வுப் பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினேன். அதில் என்ன எழுதினேன் தெரியுமா? 'பகுப்பாய்வாளரின் பிழை' என்று எழுதினேன்! எங்கள் பகுப்பாய்வாளர் என்றால் அம்மையார்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தத் தாய்மாருங்க பத்திரிகை படிப்பாங்களா டாக்டர்?"

பத்தொன்பது வீடுகளுக்கும் மினிபஸ் ஏறிப் போனார். அந்தத் தாய்மார்களில் ஒருவரான, சிராட்சுலு ஊரிலிருந்து வந்திருக்கும் ஃபலேசி இதோ அமர்ந்திருக்கிறார். அன்று நடந்ததை இன்று காலைதான் என்னிடம் சொன்னார். மகனோடு பேசுவதையே அவர் நிறுத்தியிருந்தாராம்.

"நான் பேசி என்னக்கா ஆகப்போவுது? என் குரலு அவன் மண்டையில ஏறலன்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரே."

"அடிப் பைத்தியமே, நாங்கதான் தப்பாக் கழிச்சுட்டோம். உன் குரலுக்குத்தான் அவன் மூளை அந்தப் பாடு பட்டுச்சு. போய்ப் பேசு, காது வலிக்கிற வரைக்கும் பேசு!"

'நாங்க' என்றாராம். அந்தப் பிழையில் அவருக்கு என்ன பங்கு இருந்தது?

மறு ஆண்டு பகுப்பாய்வுப் பிரிவின் தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது. திருத்தத்திலிருந்த அந்த ஒரு சொல்தான் காரணம். தேர்வுக்குழுவில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

போன வாரம் அம்மையாரை நோயாளியாக மருத்துவமனைப் படுக்கையில் பார்த்தேன். "என்ன டாக்டர், படுத்திருக்கறது நானு, மூஞ்சி தொங்கறது உங்களுக்கா?" என்று சிரித்தார். அப்போதும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவர் இல்லை.

பிழை என்னுடையது என்று இன்று காலை அந்தப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிவிட்டேன். இனி நம் ஆய்வகத்தில் எந்தக் கழித்தலையும் இருவர் சரிபார்த்த பிறகே ஏற்போம்; முடிவை முதலில் பெற்றோருக்கு நேரில் சொல்வோம். இது உங்கள் முன் நான் தரும் வாக்கு.

ஆனால் மகளே, இதையெல்லாம் உன் அம்மா கேட்டிருக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் இருந்தன. தினமும் பத்து மணிக்கு ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தோம். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.