நாற்பத்து மூன்று இருமல்கள்

இரவு எட்டரை. குரங்கணியிலிருந்து போடிக்குக் கடைசி ஜீப்பும் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்த ரோட்டில் நடமாடுவது காற்று மட்டும்தான்... கிட்ட வந்து உட்காருங்கள். இது நம் அருள்பாண்டியின் சித்தப்பா காசிராஜனுக்கு நேர்ந்தது.

ரோட்டோரம் ஏலக்காய் உலர்த்திய பழைய ஸ்டோர். அதில் ஓர் அறை. அறையைவிடப் பெரிய பலகை: 'மலைத் தொழிலாளர் குரல் ஆவணக் காப்பகம்'. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ரெக்கார்டர், ஒரே ஒரு மெமரி கார்டு, சம்பளமில்லாத காசிராஜன். காய் எடுக்கும் பெண்களைப் பேசவைத்துப் பதிவு செய்வார். பதிவு ஓடும்போது அவர் வாயே திறக்க மாட்டார். தன் குரல் விழுந்தால் ஆவணம் கெட்டுவிடுமாம்.

முதலில் பேசியவள் அவர் மனைவி பெரியம்மாள். முப்பது வருஷம் ஏலக்காட்டில் கிடந்தவள்.

காப்பகத் திறப்பு விழாவுக்கு முன்னால், அதை நடத்தும் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் அந்தப் பதிவைக் கேட்டு முகம் சுளித்தார்.

"என்னய்யா, ஒரே இருமலா இருக்கு? உலகத் தரம் வேணும்யா. வெட்டி எறி."

காசிராஜன் வெட்டினார். நாற்பத்து மூன்று இருமல். கடைசி இருமலுக்குப் பின் அவள் இவரைப் பார்த்து ஏதோ சொன்னாளே, அதையும் சேர்த்து. சுத்தமான பிரதிதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே! கார்டிலிருந்த அசலைத் தன் கையாலேயே அழித்தார். புதுக் கார்டு வாங்க வழியில்லை. அதே கார்டில் தலைவரின் விழா உரை ஏறியது. ஒரு மணி நாற்பது நிமிடம். தலைப்பு: 'அசலைக் காப்போம்'.

ஏழே மாதம். அந்த இருமலே அவளைக் கொண்டுபோனது.

அடக்கம் முடிந்த இரவுதான் உறைத்தது. கடைசியாக என்ன சொன்னாள்? மண்டையை உடைத்துக்கொண்டும் நினைவு வரவில்லை. கார்டைப் போட்டு, ஹெட்போனை மாட்டினார். அழித்ததில் ஒரு துளியாவது ஒட்டியிருக்காதா... தலைவர் வீட்டு அம்மாவே முழுதாகக் கேட்டிராத உரையை, தினமும் கேட்டார்.

அவள் போய்ப் பதினாறாம் நாள் இரவு. மழை விட்டிருந்தது. தகரத்தில் சொட்டு... சொட்டு. "நமது பாரம்பரியம்..." என்று தலைவர் மூச்சு வாங்கிய இடைவெளியில்,

க்ஹும்.

பச்சை ஏலக்காய் வாசனை. அந்த ஸ்டோருக்குள் காய் வந்து பத்து வருஷமாகிறது.

க்ஹும். இன்னும் கிட்ட. ஹெட்போனைக் கழற்றினார். சத்தம் நிற்கவில்லை.

"ஏய்யா... இருமலையெல்லாம் வெட்டிருவியாக்கும்? வெட்டிக்க. என்னைய வெட்டிராதய்யா."

அதேதான். அன்றைக்குச் சொன்னது இதேதான். அன்று சிரித்துக்கொண்டே சொன்னாள். இப்போது சிரிப்பு மட்டும் இல்லை.

விடிந்து அருள்பாண்டி வந்தபோது சித்தப்பா தரையில் கிடந்து அழுதுகொண்டிருந்தார். கார்டைக் கேட்டான், தலைவர் மட்டும் முழங்கினார். கம்ப்யூட்டரில் இருந்த சுத்தமான பிரதியைத் திறந்தான். அதில் பெரியம்மாளின் ஒரு சொல்கூட இல்லை. காடில்லை, மழையில்லை, முப்பது வருஷமில்லை. இருமல் மட்டும். எண்ணினான். நாற்பத்து மூன்று.

சாகும்வரை தினமும் அதைத்தான் கேட்டார் காசிராஜன்.

அவர் போய்ப் பதினாறாம் நாள், அருள்பாண்டி அந்த ஃபைலை ஓடவிட்டான். நாற்பத்து மூன்றும் முடிந்தது. நிறுத்தப் போனான்... ஒருநாளும் பதிவாகாத குரல், மெதுவாக:

"வெட்டல புள்ள... நீ பேசு."