காந்தம் ஒட்டாத சிலுவை

வெள்ளிய தேய்ச்சுப் பளபளப்பாக்குறவங்களைப் பாத்தா எனக்கு அருவருப்பா இருக்கும் மேடம். கறுத்த வெள்ளி கறுப்பாவே இருக்கணும்.

காஸல் சந்தைல எனக்கு ஒரு மேசை இருக்கு, பழைய பட்டாளத்துப் பதக்கம் விக்கிறேன். ஸ்கூல் படிக்கறப்பவே பிடிச்ச பைத்தியம் இது. இரும்புச் சிலுவைப் பதக்கம் இருக்கே, போர்ல வீரம் காட்டுறவங்களுக்குன்னு 1813ல நம்ம ஜெர்மனில பிரஷ்ய ராஜா கொண்டுவந்தாரு. தளபதிக்கும் அதேதான், சாதா சிப்பாய்க்கும் அதேதான். தங்கம் கிடையாது, வெறும் இரும்பு. சுத்தி மெல்லிசா வெள்ளி விளிம்பு. அவ்வளவு சுத்தமான பொருள் அது.

அப்புறம் நாஜிக்காரங்க நடுவுல ஸ்வஸ்திகாவைக் குத்தி நாசம் பண்ணிட்டாங்க. இப்ப சந்தைல அதை மறைச்சுதான் வைக்கணும், சட்டம். பக்கத்து மேசை டெட்லெஃப் அது மேல சிரிச்ச மூஞ்சி ஸ்டிக்கர் ஒட்டுவான். ஆளு வந்தா நகத்தால நெம்பிக் காட்டி கண்ணடிப்பான்.

பேக்கரி வச்சிருக்கற ரோஸ்விதான்னு ஒரு அம்மா இருக்காங்க. அவங்க தாத்தா முதல் உலகப் போர்ல வாங்கின சிலுவை, பின்னாடி ஊசி உடைஞ்சிருச்சு. டெட்லெஃப்கிட்ட சரிபண்ணக் குடுத்து வாங்கிட்டு, நேரா என் மேசைக்கு வந்தாங்க.

"தம்பி, இதுக்கு நல்லதா ஒரு பெட்டி குடுப்பா. எங்கப்பா சாகறவரைக்கும் தலைமாட்டுலயே வச்சிருந்தாரு."

பேச்சுவாக்குல காந்தத்தை வச்சுப் பாத்தேன். ஒட்டல. உள்ள இரும்பே இல்ல, வார்த்த போலி. பெட்டி மட்டும் குடுத்தேன்.

சாயங்காலம் டெட்லெஃப் வீட்டு நிலவறைக்குப் போனேன். அங்க ஒரு வாளி இருக்கும். சாணி, மூத்திரம், அழுகின இலை. போலிப் பதக்கத்தை அதுல ஊறப்போட்டுப் பழசாக்குவான்.

"வாடா காந்தம்," அப்படின்னான். "மூக்கு வேர்த்துருச்சா?"

"அந்தம்மாவோடது எங்க?"

"மாவு பிசையுறவளுக்கு என்னடா தெரியும்? கறுப்பா சிலுவை மாதிரி ஒண்ணு இருந்தா போதாதா? நீ மட்டும் யோக்கியனா? அவகிட்ட வாயத் தொறந்தியா?"

சொல்லிக்கிட்டே நிஜச் சிலுவையை எடுத்தான். கட்டைவிரல்ல பாலிஷைத் தொட்டு விளிம்பைத் தேய்க்க ஆரம்பிச்சான். நூறு வருசக் கறுப்பு மேடம். துணில அழுக்கா வந்துச்சு.

அவன் பிடரியைப் பிடிச்சு வாளிக்குள்ள அமுக்கினேன். கொஞ்ச நேரம் உதறினான். நாத்தம்தான் தாங்கல. அடங்கினதும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் சிலுவையைத் தொட்டேன்.

எல்லாம் அந்தம்மாவுக்காகத்தான். குடுக்கலையேன்னு கேக்குறீங்க. அவங்க கையெல்லாம் எப்பவும் வெண்ணெய். யாராவது வீட்டுக்கு வந்தா துடைச்சு வேற காட்டுவாங்க. இப்ப இருக்கறதையே நிஜம்னு நினைச்சு சந்தோஷமாதானே இருக்காங்க.

சட்டைக்குள்ள நெஞ்சுல குத்தியிருந்ததை உங்க ஆளுங்க உருவிட்டாங்க. கையுறை போட்டுத் தொடச் சொல்லுங்க. கொலைன்னு எழுதிக்கோங்க, மறுக்கல. திருட்டுன்னு மட்டும் எழுதாதீங்க மேடம்.