கீழ் வீட்டுக்குக் கேக்குதா?

— இல்லக்கா, நான் சண்டைக்கு வரல. சண்டைக்கு வர்றவ இப்படித் தலைகூட சீவாம போர்வையச் சுத்திக்கிட்டு வருவாளா? என் தலைக்கு மேல என்னா நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் போயிப் படுத்துக்கிறேன்.

— அய்யய்யோ, உள்ள வா யோகேசு. வாசல்ல சாரல் அடிக்குது பாரு. இந்த நேரத்துல நீ வேலையில இருப்பன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்!

— தானா ராத்தா ஹோட்டல்ல ஸ்கோன் ரொட்டி சுடுற வேலை அக்கா எனக்கு. கோழி கூவுறதுக்கு முந்தியே போயிடுவேன், மத்தியானம் வந்துடுவேன். வந்து கண்ண மூடினா தலைக்கு மேல திம்மு திம்முன்னு ஆரம்பிச்சிடுது. முதல்ல மிளகா இடிக்கிறீங்கன்னு நெனச்சேன். தினமுமா மிளகா இடிப்பாங்க? அப்புறம் புருசன் பெண்டாட்டி சண்டைன்னு நெனச்சேன். பயந்துட்டேன், தெரியுமா?

— கேட்டீங்களா, என்னாங்க! நம்ம ரெண்டு பேரும் அடிச்சிக்கிறோமாம்.

— நான் எங்கேருந்து அடிக்கிறது, ருக்கு? அடிக்கணும்னா எந்திரிக்கணும்ல. வா தங்கச்சி, உக்காரு. அவ சொல்ல மாட்டா, நானே சொல்றேன். ஒங்க ருக்குமணியக்கா டான்ஸ் ஆடுறா.

— டான்ஸா, மாடசாமியண்ணே?

— டிவியில ஒரு பொம்மை ஆடும். அதப் பாத்து இவளும் ஆடணும். டிவிக்கு மேல ஒரு கேமரா உக்காந்துக்கிட்டு, இவ கையும் காலும் எங்க போவுதுன்னு பாத்து மார்க் போடும். பொம்மை வலது கையத் தூக்கினா இவ இடது காலத் தூக்குவா. பொம்மை நின்னாலும் இவ நிக்க மாட்டா.

— அட போங்க லா! நேத்து முழு ஸ்டாரும் வாங்கினேனே, அப்ப மட்டும் வாயத் தொறக்கல?

— எதுக்குத் தொறக்கணுங்குறேன்? அந்தக் கேமராவுக்குக் கண்ணு கெட்டு ரோசாக் ஆயிடுச்சுன்னு நெனச்சேன்.

— அக்கா, அண்ணே, ரெண்டு பேரும் மன்னிச்சுக்கங்க. எனக்குச் சிரிப்பு வருது. ஆனா என்னால சிரிக்கக்கூட முடியல, அவ்வளவு தூக்கம். நேத்து மாவுல சீனிக்குப் பதிலா உப்பக் கொட்டிட்டேன்.

— ஸ்கோன்லயா?

— ஸ்கோன்லதான். வெள்ளக்காரர் ஒருத்தரு ஜாம் தடவி ஒரு கடி கடிச்சாரு, அப்படியே தட்டுல வச்சாரு. செஃப் என்னைத் தனியாக் கூப்பிட்டு, இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற எடம் பாத்துக்கன்னுட்டாரு. எனக்கு அந்த வேலை வேணும்க்கா. பிள்ளைங்க பள்ளிக்கூடத்துலேருந்து வர்றதுக்குள்ள தூங்கினாத்தான் உண்டு. அதுக்கப்புறம் எங்க தூங்குறது?

— அடப் பாவமே. சத்தியமா எனக்குத் தெரியாது யோகேசு. பொறந்ததுலேருந்து தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தவ நான். காலுக்குக் கீழ மண்ணுதான் இருக்கும். இங்க காலுக்குக் கீழ ஒரு ஆளு படுத்திருக்கும்னு புத்தியில ஏற மாட்டேங்குது. சரி, நாளையிலேருந்து ஆடல. விட்டுடறேன்.

— விட வேண்டியதுதான். எனக்கும் காதுக்கு நிம்மதி. ருக்கு, இந்த நாற்காலிய சன்னல் பக்கம் திருப்பி விடு. டிவிய அமத்திடு.

— என்னாங்க, இப்பவேயா?

— அமத்துன்னா அமத்தேன். இனிமே அதுல பாக்குறதுக்கு என்னா இருக்கு?

— யோகேசு, நீ இப்படி வா. காரிடார்ல நிப்போம். துணி எடுத்துட்டு வந்துடறேங்க!

— என்னாச்சுக்கா? அண்ணனுக்கு ஏன் முகம் அப்படிப் போயிடுச்சு?

— மெதுவாப் பேசு, காது மட்டும் அவருக்கு நல்லாக் கேக்கும். கியா பார்ம்ல லோரியில கோஸ் கூடை அடுக்குறப்ப மேலேருந்து விழுந்துட்டாருன்னு கேள்விப்பட்டிருப்ப.

— கேள்விப்பட்டேன். இடுப்பெலும்புன்னாங்க.

— இரும்பு வச்சு, எலும்பு கூடியும் போச்சு. டாக்டர் எக்ஸ்ரே படத்தப் பாத்துட்டு, தைரியமா நடங்க, ஒண்ணும் ஆகாதுங்கிறாரு. இவரு அந்தப் பிடிச்சு நடக்குற வாக்கர விட மாட்டேங்குறாரு. கக்கூசுக்குப் போறதும் வர்றதும், அவ்வளவுதான். மிச்ச நேரம் சன்னலுக்கு வெளிய பனியப் பாத்துக்கிட்டு உக்காந்துடுவாரு. லோரிய வித்ததுக்கு அப்புறம் பேச்சும் போச்சு. சோறு வேணுமான்னா ஒரு தலையாட்டு. அதுதான் வீட்டுல பேச்சு.

— பொய் சொல்லாதீங்கக்கா. இப்ப அந்த வாய் வாயடிச்சாரே?

— அதத்தான் சொல்ல வர்றேன். இந்த டான்ஸ் பெட்டிய மக மோகனா ஈப்போவுலேருந்து கொண்டாந்து டிவியில மாட்டி பசாங் பண்ணிக் குடுத்தா. அப்பா கையக் காலையாச்சும் அசைக்கட்டும்னு. இவரு திரும்பிக்கூடப் பாக்கல. தூசி பிடிச்சுக் கெடக்கேன்னு ஒரு நாளு நானே நின்னு ஆடினேன். காலு பின்னிக்கிச்சு, அப்படியே சோபாவுல மல்லாக்க விழுந்துட்டேன். அவரு சிரிச்சுட்டாரு, யோகேசு. வயித்தப் பிடிச்சுக்கிட்டு.

— அக்கா...

— அடுத்த நாளு வேணும்னே விழுந்தேன். அதுக்கடுத்த நாளும். அப்புறம் அவரு குத்தம் சொல்ல ஆரம்பிச்சாரு, கை கோணலு, காலு கோணலுன்னு. குத்தம் சொல்றாருன்னா உசுரோட இருக்காருன்னு அர்த்தம்ல? இப்ப நான் விழறதில்ல. உண்மையச் சொன்னா எனக்கே பித்து பிடிச்சிருச்சு. காலையில ஃபேக்டரிக்கு வேலைக்குப் போயி தேத்தூளு சலிக்கிற எடத்துல நின்னா காலு தானாத் தாளம் போடுது. மேற்பார்வை பாக்குற கிராணி பாத்துட்டு, ருக்குமணி, எறும்பு கடிக்குதாங்கிறாரு!

— சாயங்காலம் ஆடுனா என்னாக்கா?

— மருந்து போட்டா அவரு இருட்டுறதுக்கு முந்தியே தூங்கிடுவாரு. அவரு பாக்காம ஆடுனா அது வெறும் உடற்பயிற்சிதான். சரி விடு, ஒன் தூக்கத்தக் கெடுத்து எனக்கு என்னா சிரிப்பு வேண்டிக் கெடக்கு.

— இருங்க லா. அதுக்குள்ள விட்டுடறேன் விட்டுடறேன்னுக்கிட்டு. கேக்காம ஆடுறதுக்கு வழியே இல்லியா? ஒண்ணு செய்வோம். நான் கீழ போயி கட்டில்ல படுத்துக்கிறேன். போன் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க. நீங்க ஆடுங்க, நான் கேட்டுச் சொல்றேன். எப்ப எனக்குக் கேக்கலியோ, அதுதான் நம்ம கணக்கு.

— ஒனக்குத் தூக்கம் போயிடுமே?

— அது போயி ரொம்ப நேரமாச்சு. இன்னிக்கு ஒரு நாளு போனா, மிச்ச நாளெல்லாம் தூங்கலாம்ல?

— ஹலோ, யோகேசு? டிவியப் போட்டு, அவரு நாற்காலியையும் இந்தப் பக்கம் திருப்பியாச்சு. கேக்குதா?

— போன்ல கேக்குதாவா, கூரையில கேக்குதாவா?

— ரெண்டையும் சொல்லு. இப்ப வெறும் தரையில வெறும் காலு. இந்தா!

— அம்மாடி! அக்கா, என் லைட்டு ஆடுதுக்கா!

— தங்கச்சி, நான் மாடசாமி பேசுறேன். லைட்டு மட்டும்தான் ஆடுதா, கட்டிலும் ஆடுதா?

— கட்டிலும்தாண்ணே!

— நான்தான் சொன்னேன்ல, ருக்கு? நடக்கச் சொன்னா நடக்குறதில்ல நீ, தரையோட மல்லுக்கட்டுற.

— அட போங்க லா. யோகேசு, இப்ப காலுறை போட்டுக்கிட்டேன். கம்பளிக் காலுறை. கேளு.

— கொஞ்சம் பரவால்ல. ஆனா ஒரு தடவை மட்டும் பெரிசா டமார்னு கேட்டுச்சே, அது என்னா பாட்டு?

— அது பாட்டு இல்ல தங்கச்சி. வழுக்கி சோபாவுல மோதினா. ருக்கு, இன்னொரு இடுப்பையும் ஒடைச்சி வைக்காத. ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும்.

— மெத்தையப் போட்டுப் பாருங்கக்கா!

— போட்டாச்சு. இந்தா, ஆடுறேன்.

— சத்தம் ரொம்பக் கொறஞ்சிடுச்சு! நல்லா இருக்கே, அதுலயே ஆடிடுங்களேன்.

— அவ எங்க ஆடுறா? சேத்துல எருமை மாட்டிக்கிட்ட மாதிரி காலப் புடுங்கிக்கிட்டு நிக்கிறா. பொம்மை ரெண்டாவது பாட்டுக்கே போயிடுச்சு. கேமரா இவளக் கண்டுபிடிக்க முடியலன்னு எழுதிக் காட்டுது.

— சிரிக்காதீங்க! மூச்சு வாங்குது எனக்கு.

— அக்கா, என் பிள்ளைங்க உக்காந்து விளையாடுற பஞ்சுப் பாய் இருக்கு. ஏ பி சி டி போட்டது, துண்டு துண்டா மாட்டலாம். கொண்டாறட்டா?

— அது பத்தாது தங்கச்சி. பஞ்சு அமுங்கிப் போயிடும், மறுபடியும் தரை இடிக்கும். அடியில கனமா ஒண்ணு வேணும். ருக்கு, கட்டிலுக்கு அடியில, லோரியில கூடைக்கு அடியில விரிக்கிற ரப்பர் சுருட்டிக் கெடக்கு பாரு. அத இழு.

— அதயாங்க? யாரும் தொடக் கூடாதுன்னீங்களே?

— லோரியே போயிடுச்சு. ரப்பர் மட்டும் பூஜையில வைக்கவா போறேன்? நான் கம்போங் ராஜாவுலேருந்து கோலாலம்பூருக்கு கோஸ் ஏத்திப் போனவன். பள்ளத்துல விழுந்து எழுந்தாலும் அதுல ஒரு காய் நசுங்கினதில்ல. கீழ ரப்பர், மேல தங்கச்சி கொண்டாற பஞ்சுப் பாய். எடுங்குறேன்.

— அக்கா, போன வைக்காதீங்க. பாயத் தூக்கிக்கிட்டு ஏறுறேன்.

— வா வா. அப்பா, என்னா கனம் இந்த ரப்பரு. இப்படி விரிச்சா எடம் பத்தலியே. என்னாங்க, ஒங்க வாக்கரக் கொஞ்சம் அடுப்படிப் பக்கம் தள்ளி வைக்கிறேன்.

— வை. நான் எங்கயும் ஓடிப் போயிட மாட்டேன்.

— இந்தாங்கக்கா, பாய். கடைசி எழுத்து ‘இசட்’ மட்டும் இல்ல, நாய் கடிச்சிடுச்சு. மத்ததெல்லாம் இருக்கு. நான் கீழ ஓடுறேன்.

— தங்கச்சி, நாலு பக்கமும் சொவத்துல முட்டாமத்தான் போட்டிருக்கோம். சொவத்துல முட்டுனா சத்தம் அது வழியா எறங்கிடும். படுத்துட்டியா?

— படுத்துட்டேண்ணே. கண்ணையும் மூடிட்டேன். ஆரம்பிக்கச் சொல்லுங்க.

— ம். ஆடு ருக்கு. எடது. எடதுங்குறேன்! ஆ, அப்படித்தான். குனி. சுத்து. இவ்வளவு வேகமா சுத்தாத, தலை சுத்தும்.

— அக்கா?

— என்னா யோகேசு?

— எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?

— ஆரம்பிக்கவா? பாட்டே முடிஞ்சு போச்சு!

— பொய்!

— சத்தியமா! முழுப் பாட்டும் ஆடிட்டேன். ஸ்டார் விழுந்துக்கிட்டு இருக்கு பாரு. என்னாங்க, சொல்லுங்க அவகிட்ட!

— ஆடினா தங்கச்சி. நல்லாவே ஆடினா. சத்தம் இல்லன்னா ஒங்கக்கா ஆட்டத்துலயும் ஒரு அழகு இருக்குன்னு இப்பத்தான் தெரியுது.

— யோகேசு, கேட்டியா? கல்யாணம் ஆனதுலேருந்து இப்பத்தான் அழகுங்கிறாரு!

— எனக்குக் கொசு பறக்குற சத்தம் கேட்டுச்சு, ஒங்க காலு கேக்கல. நான் பொழச்சேன்க்கா. என் வேலையும் பொழச்சிச்சு. நாளைக்கு ஹோட்டல்லேருந்து சூடா ஸ்கோன் கொண்டாறேன், இனிப்பா இருக்கும்.

— கொண்டா, கொண்டா. ஆனா இன்னொண்ணு பாத்துடணும். அடுத்தது குதிக்கிற பாட்டு, அதுதான் இருக்குறதுலயே மோசம். அதுலயும் கேக்கலன்னா தைரியமா ஆடுவேன். தொண்டை காயுது, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு ஆடுறேன். நீ கண்ண மூடிக்கிட்டே கெட. போன் என் கையிலதான் இருக்கும்.

— சரிக்கா. எனக்கு இப்பவே சொக்குது.

— பாட்ட நிறுத்தட்டா, என்னாங்க?

— ஓடட்டும், ஓடட்டும். நீ போ.

— அக்கா.

— ம்?

— குதிக்கிற பாட்டு ஆரம்பிச்சிட்டீங்களா? லேசாக் கேக்குது.

— கேக்குதா? என்னா கேக்குது?

— முந்தி மாதிரி திம்முன்னு இல்ல. பாயத் தாண்டி ஓரத்துல ஆடுறீங்க போல. ஒரு காலு ஊனுது. இன்னொரு காலு இழுத்துக்கிட்டு வருது. கொஞ்சம் நிக்குது. மறுபடியும் ஊனுது. ஆனா தாளம் தப்பல. களைச்சுப் போயிட்டீங்களா? பரவால்ல, அப்படியே ஆடுங்க. இந்தச் சத்தத்துல நான் தூங்கிடுவேன்.

— யோகேசு, மெதுவாப் பேசுடி.

— ஏன்க்கா? அழுவுறீங்களா என்னா?

— ஆடுறது நான் இல்லடி. நான் இன்னும் அடுப்படியிலதான் நிக்கிறேன். அவரு வாக்கரும் இங்கதான், என் பக்கத்துல நிக்குது.