கோலுக்குப் பின்னால் ஓர் இடம்

பொன்னேரி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில், நுனியில் வலை கட்டிய நாலு லக்ராஸ் மட்டைகள். அவள்தான் ஆரம்பித்தாள்.

“இந்த ஆட்டத்துல கோலுக்குப் பின்னாடியும் நின்னு ஆடலாம். அங்கதான் நம்ம அட்டாக்கே.”

“அங்க நின்னு இன்னா பண்றது?”

“முன்னாடி ஓடியாறவளுக்குப் பந்த தூக்கிக் குடுக்கணும். கோமதி குடுத்தா கோலுதான்.”

“அவதான் கல்யாணமாயி சூலூர்பேட்டை போய்ட்டாளே. இப்ப யாரு நிக்கறா?”

“யாருமில்ல. டீமுல எல்லாம் ஏரிக்கரை தோணிரேவு பொண்ணுங்க. ஏரியில எறங்கி கையால எறா தடவிப் புடிக்கும்போது ஒருத்தி வரலன்னா, அவ எடத்த காலியா உட்டுட்டுத்தானே வரிசையா நிப்பாங்க? இங்கயும் அப்டியே உட்டுட்டாளுங்க.”

“நீதானே கோச்சு? வேற ஒருத்திய நிறுத்த வேண்டியதுதானே?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நிறுத்தலாம். அப்புறம் கோமதி வந்தா எங்கடி நிப்பா?”