வெண்கலப் பருந்து யாருக்குக் கை நீட்டுறான்?

அந்தக் காமிக்ஸ் புக்குல அந்த ஒரு பக்கத்துலயே நின்னுட்டீங்கல்ல? ரயிலு கெளம்புனதுலருந்து பாக்குறேன், முன்னயும் பின்னயும் பொரட்டுறீங்க. பக்கமெல்லாம் காணாமப் போகல சார். மொட்ட மாடியில வெண்கலப் பருந்து நின்னு, "ரொம்ப நன்றி நண்பா"ன்னு கைய நீட்டுறான், எதிர்ல ஈ காக்கா இல்ல. நியூயார்க்கே சிரிக்குது. பொகபோக்கிக்கா நன்றி சொல்றான்னு ஒஹையோலருந்து ஒரு பொடியன் எழுதிக் கேக்குறான்.

நானா? அந்தப் பருந்துக்குக் கலர் போடுறவ. ஆர்ச்வே காமிக்ஸ் கம்பெனி. ரோசன்னா.

அந்தக் கை... மெதுவாப் பேசுவோம்... கெஸ்ட்ரல் கம்பெனி ஹீரோ நீலத்தணலுக்கு. ஆமா, போட்டிக் கம்பெனிதான். மொதலாளிங்க மூஞ்சியக்கூடப் பாத்துக்க மாட்டாங்க. நாங்க ஞாயித்துக்கெழமயானா பார்க்குல ஒண்ணாப் பந்தாடுறோம். அங்கதான் மார்வின் ஆரம்பிச்சான், கெஸ்ட்ரல்ல கத எழுதுறவன். ரெண்டு ஹீரோவையும் ஒரே மாடியில, ஒரே மாசம் ஏத்திடுவோம்னான். சாயுற தண்ணித் தொட்டிய அவங்க புக்குல நீலத்தணல் தாங்குவான், நம்ம புக்குல பருந்து நன்றி சொல்வான். ரெண்டையும் வாங்கிச் சேத்து வெச்சுப் பாக்குறவனுக்கு மட்டும் வெளங்கும்.

இதுக்கெல்லாம் மொற இருக்கு சார். அடுத்த வீட்டு ஹீரோ பேரச் சொல்லக் கூடாது. மூஞ்சியக் காட்டக் கூடாது. நெறத்த மாத்திடணும். மாட்டுனா, தற்செயல்னு சாதிக்கணும்.

எங்க பாதி வந்துருச்சு. அவங்க பாதிக்குப் பதிலா ஏதோ பழைய கதையத் தூக்கிப் போட்டுட்டாங்க. நேரத்துக்கு எழுதித் தரலன்னு எல்லாரும் மார்வினத் திட்டுறாங்க. சோம்பேறிதான், பந்தக்கூட உக்காந்துகிட்டேதான் புடிப்பான். ஆனா இந்தத் தடவ நேரத்துக்குக் குடுத்துட்டான், பாவம். அவங்க எடிட்டர்தான் பாத்துட்டு நிறுத்திட்டாரு. நீலத்தணலையும் அவன்கிட்டருந்து புடுங்கிட்டாரு. அவன் பெத்த புள்ள சார் நீலத்தணல்.

எப்படிப் பாத்தாரா? அவங்க பக்கத்துல, படத்தோட ஓரத்துலருந்து பருந்தோட கை மட்டும் நீளும், அந்தக் கையுறை அச்சு அசல் பருந்தோட வெண்கல நெறம். கலர் போடுறவங்களுக்காக அது பக்கத்துலயே மார்வின் "சாம்பல்"னு எழுதியிருந்தான். கொட்ட எழுத்துல.

அது எனக்கெப்படித் தெரியும்னு கேக்குறீங்க...

அங்கயும் நாந்தான் சார் கலர் போடுறேன். வேற பேர்ல. இந்தத் தொழில்ல எல்லாரும் பண்றதுதான். ஹாரி லேன்னு ஒரு பேரு. சாம்பலத் தொட்டு வெச்சேன், கை வரல. இத்தன வருசம் என் கையால உடுப்பு மாட்டுன பய. அவனுக்குப் போயிச் சாம்பலான்னு... ஒரே ஒரு கைதானே, யாரு பாக்கப் போறான்னு நெனச்சேன்.

மார்வினுக்குத் தெரியாது. "அந்த ஹாரி லேன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்"னு என் தோள்லயே சாஞ்சு அழுவுறான். இன்னைக்கு அவன் வீட்டுல எனக்குச் சாப்பாடு, மினியோலாவுல. இன்னைக்குச் சொல்லிடணும். பயமா இருக்கு சார். நீங்க ஒரு எட்டு கூட வாங்களேன்... வெளியாளுக்கு முன்னாடி கத்த மாட்டான். அவன் பொண்டாட்டி நல்லா சமைப்பா...

ஏன் எந்திரிச்சிட்டீங்க? மினியோலா இன்னும் வரல. கண்டக்டர் உங்க சீட்டுல சொருகுன அட்ட, நீங்க எறங்குறது மினியோலாவுக்கும் அப்புறம், ஹிக்ஸ்வில்னுல்ல சொல்லுது... சார்? இது ஃப்ளோரல் பார்க் சார். இங்க உங்களுக்கு யாரு இருக்கா?