ஆற்றைப் பார்த்த வாசல்

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் தெங் அவர்களே! அருகே அமர்ந்திருக்கும் அருட்தந்தை அவர்களே! ஷிமென் ஊரின் சான்றோர்களே! மடியில் மழலையோடும் மனத்தில் மாதாவோடும் வந்திருக்கும் தாய்மார்களே! ஆலயக் காவல்காரன் லுவோவின் வணக்கம்.

அந்நியக் கப்பல்கள் ஆற்றேறி வந்த காலத்தில், பிரான்சு தேசத்துப் பாதிரியார் இந்தக் கோயிலைக் கட்டினார். வளைந்த கூரை நம் கூரை. வார்த்த ஓடு நம் ஓடு. வாசல் மட்டும் அவர் ஊர் வழக்கப்படி, ஆற்றைப் பார்த்த நேர்வாசல்! கொத்தனார் ஓவ் கைகட்டி நின்றாராம்.

"சாமி, வாசலுக்கு எதிரே ஒரு மறைப்புச் சுவர் வைங்க. ஆத்துல மூழ்கிப் போனவங்க நேராத்தான் நடப்பாங்க, வளையத் தெரியாது."

"செத்தவன் பூசைக்கு வருவானா? போய் வேலையப் பாருய்யா!"

சிரித்தாரா? சிரித்தார். எத்தனை நாள் சிரித்தார்? முதல் பூசை வரைக்கும்! பட்டப்பகலில், வாசலிலிருந்து பீடம் வரை ஈரக் காலடிகள். வந்த சுவடு உண்டு. போன சுவடு இல்லை. மறுநாள் பாதிரியாரே செங்கல் சுமந்தார். சுவர் எழுந்தது, சுவர் நடுவே சிலுவை, சிலுவையைச் சுற்றித் தாமரை!

அந்தச் சுவரைத்தான் போன மாதம் இடித்தோம். கல்யாணக் கார் வாசல்வரை வர வேண்டுமாம்! வாக்குகள் சரிபாதி. இடிக்கச் சொன்ன கடைசி வாக்கு யாருடையது?

என்ன சொல்கிறார் தம்பி ஃபெங்? "உன்னோடதுதான் அண்ணே! பொண்டாட்டி வரணும்னுதானே இடிச்சே?"

உண்மை, தம்பி, உண்மை! படகு கவிழ்ந்து என் ஷூலான் போய் ஓராண்டு. உடல் கிடைக்கவில்லை. கல்லறை இல்லாதவளுக்குக் கதவாவது திறக்கட்டுமே என்று நினைத்தேன். வந்தாள், ஐயா! அடுத்த ஞாயிறே என் பக்கத்து இருக்கை நனைந்தது. அழுதேன், ஆனந்தப்பட்டேன். ஆனால் அவள் தனியாக வரவில்லையே! அடுத்த இருக்கையும் நனைந்தது. அதற்கடுத்ததும் நனைந்தது. போன ஞாயிறு, ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தை ஆளில்லாத வரிசையைப் பார்த்துச் சிரித்துக் கை நீட்டியது. பிஞ்சு விரல்களில் ஆற்று மணல்!

பயந்துவிட்டேன். என் ஏக்கத்துக்கு ஊர்ப்பிள்ளையைப் பலி கொடுக்கலாமா? சுவர் எழட்டும்! முதல் செங்கல்லை நானே வைக்கிறேன். சம்மதம் உள்ளோர் கை உயர்த்துங்கள்!

உயர்கின்றன. ஆ... கடைசி வரிசையிலும் ஒரு கை. நான் போட்டுவிட்ட பச்சைக்கல் வளையல். நீர் சொட்டுகிறது.

திரும்பாதீர்கள், யாரும் திரும்பாதீர்கள். ஷூலான்... உனக்கும் சம்மதமா? சரிம்மா.

அமர்ந்து கேட்ட அன்பர்களே, நன்றி. பத்திரமாகப் போய் வாருங்கள். ஈரக்காலோடு நின்று கேட்டவர்களே, உங்களுக்கும் நன்றி. உங்களை 'வாருங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போங்கள். வணக்கம்.