வைக்கோலைத் தின்னாத மாடு

"எல்லா உயிருக்குள்ளும் கடவுள் அன்பாக இருக்கிறார் என்பதைப் படித்த நீயே நம்புகிறாயா?" என்று விடுதித் தோழி ஒருமுறை கேட்டாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்.  "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

அந்தக் கேள்வி மனதில் இருக்க, போன மாதம் கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நாளைக்கி யாவாரி வரான். மாட்டப் புடிச்சிக் குடுத்துடப் போறேன்."

"அடிமாட்டுக்கா மாமா?"

"பின்ன? தீனி எடுக்காத மாட்ட வச்சி பூச பண்ணுவியா?"

"கன்னு செத்ததும் அதோட தோல்ல வைக்கோல அடச்சி முன்னால நிறுத்துனது யாரு?"

"பாலு சொரக்கணும்ல! ஊர்ல எல்லாரும் பண்றதுதான?"

"அது நக்கி நக்கியே தோலு கிழிஞ்சி வைக்கோலு வெளிய வந்துடுச்சி. அதுலேருந்து எந்த வைக்கோலப் போட்டாலும் புள்ளன்னு நெனச்சி நக்குது. பெத்த புள்ளய அது எப்பிடித் திங்கும்?"

"இந்த வெயில்ல பச்சப்புல்லுக்கு நான் எங்கடி போவேன்?"

 சிதம்பரத்தில் இறங்கும்போது அவர் மெல்லச் சொன்னார்: "யாவாரிகிட்ட வாக்கு குடுத்துட்டன்டி."

அந்த மாடு இந்நேரம் இருக்காது. விடுதிப் பால் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டேன்.